டெலிபோன் அக்காவின் முணுமுணுப்பு

அந்த ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தால் முதலில் கேட்பது அவள் குரலாகத்தான் இருக்கும். டாக்டர் முதல் வாட்ச்மேன் வரை எல்லாருக்கும் அவள் டெலிபோன் அக்கா. போன வருஷம் அந்த இடத்தில் ஒரு ஏஐ குரலை உட்கார வைத்தார்கள். இவளுக்கு ஒரு பூங்கொத்தைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அதனால் தம்பி புதுப் போனோடு வந்து, "நாம பேசறத ஏஐ அப்படியே எழுதிக் காட்டும்க்கா, மாமாவுக்கு உதவும்" என்றபோது அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என் வேலைய முழுங்குன பேய வீட்டுக்கே கூட்டிட்டு வந்துட்டியா? இதால நம்மள மாதிரி ஆளுங்களுக்கு என்னடா பிரயோஜனம்?"

பட்டறையில் இரும்படித்தே காது போனவர் அவள் கணவர். வீட்டில் ஜாடையிலேயே பல வருஷம் ஓடிவிட்டது. அவர் அந்தப் போனைக் கீழே வைக்கவில்லை.

மறுநாள் அவள் முதுகைக் காட்டி நின்று வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். வாய் அது பாட்டுக்கு ஓடியது. பின்னாலிருந்து அவர் போனில் வந்ததை உரக்கப் படித்தார்: "சட்டைய மூலைக்கு ஒண்ணா வீசறது, ராஜா வீட்டுப் பிள்ளைன்னு நெனப்பு. பாவம், முட்டிவலிக்குத் தயிர் தேய்க்கணும்."

"தயிர் இல்ல, தைலம்!" என்று கத்திய பிறகுதான் அவளுக்கு விஷயம் உறைத்தது.

அவர் சிரிக்கவில்லை. "தினமும் இப்படியா பேசுவ? காது போனதும் நீ எங்கிட்ட பேசறதையே விட்டுட்டியோன்னு நெனச்சேன். சாப்பாடு, மாத்திரைன்னு ஜாடை காட்டறதோட சரி."

திட்டியதெல்லாம் அவருக்கு எட்டவில்லை என்று இத்தனை நாள் நிம்மதியாக இருந்தவள் அவள். கொஞ்சியதும் எட்டவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது.

அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஏங்க, வேலை போன அன்னிக்கு ஆஸ்பத்திரி பாத்ரூம்ல நின்னு அழுதேன்" என்றாள். எழுத்து வந்தது. அவர் படித்துவிட்டு, காய்த்துப்போன கையால் அவள் தலையை வருடினார்.

ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தான். "இப்பவாவது ஒத்துக்கறியா?"

"எதடா ஒத்துக்கறது? என் நாற்காலி போனது போனதுதான். அங்க போன் பண்ற நோயாளி பயந்து அழுதா, அந்தக் குரலுக்குத் தெரியுமா? உங்க மாமாவுக்கு உதவுது, இல்லேங்கல. அதுக்காக அது செஞ்சதெல்லாம் நல்லதுன்னு ஆயிடுமா?"

இவர்கள் வாய் அசைவதைப் பார்த்து உள்ளிருந்து அவர் கூப்பிட்டார்: "இங்க வந்து பேசுங்க, ஒண்ணும் எழுத மாட்டேங்குது!"

"வரேன், வரேன்" என்று எழுந்து போனாள்.