உள்ளே சிவந்த செப்பு

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, பின்னால் இருப்பவர்களும் நகர்ந்து வாருங்கள். ஒரு சின்னப் பாத்திரத்தின் கதை சொல்கிறேன். உள்ளங்கையில் அடங்கிவிடும், ஆனால் ஒரு வீட்டையே விழுங்கப் பார்த்தது.

அகராதி அலுவலகத்தில் பிழை திருத்துபவர் ஒருவர் இருந்தார். மனைவி போய்ச் சேர்ந்தபின் அவருக்கும் சின்ன மகளுக்கும் எல்லாமே அவருடைய அக்காதான். குழந்தைக்கு இருமல் வந்தபோது அக்கா எலுமிச்சைச் சாற்றில் தேன் கலந்து, மூடி போட்ட செப்பில் ஊற்றிவைத்துக் கொடுத்துவந்தாள். இருமல் நின்றது, வாந்தி பிடித்துக்கொண்டது. வாந்திக்கும் அதுவே நல்லதென்று இன்னும் கொடுத்தாள்.

அன்று காலை அவர் கிளம்பும்போது சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"தம்பி, செப்பைப் பாரேன். உள்ள வெள்ளையா ஏதோ படிஞ்சு கெடந்துச்சு. தெனம் கம்பி நார் போட்டுத் தேய்ச்சதுல செக்கச்செவேல்னு ஆயிடுச்சு."

"உன் கையில மாட்டுன பாத்திரம் பாவம்க்கா."

சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டினார். உள்ளே குழந்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகியது காதில் விழத்தான் செய்தது.

அலுவலகத்தில் சகர வரிசைப் பக்கங்கள் காத்திருந்தன. 'செப்பு: மூடியுள்ள சிறு கொள்கலம்.' சொல் பிறந்த விதம் எழுதவேண்டிய இடம் காலியாக இருந்தது. பதிப்பாசிரியரிடம் போய்க் கேட்டார்.

"செம்புதான்யா செப்பாச்சு. இரும்பு, இருப்புப்பாதை ஆகலையா? முன்னெல்லாம் செம்புலதான் செஞ்சாங்க. புளிப்பு பட்டா விஷமாயிடும்னு உள்ள வெள்ளையா ஈயம் பூசுவாங்க... அட, எங்க ஓடறீங்க? பேனாவையாவது வச்சிட்டுப் போங்க."

வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. குழந்தையின் உதட்டருகே கரண்டி. பாய்ந்து தட்டிவிட்டார். செப்பின் விளிம்பில் பாசிபோலப் பச்சைக் களிம்பு.

"என்னடா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?" என்றாள் அக்கா.

மருத்துவமனையில் டாக்டர் நிதானமாகத்தான் சொன்னார். "செம்பு வயித்துல எறங்கியிருக்கு. நல்ல வேளை, வாந்தியெடுத்தே பாதியை வெளிய தள்ளியிருக்கா. பொழைச்சுக்குவா."

அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அக்காவிடம் சொல்லத் திரும்பினார். அவள் பெஞ்சில் இரண்டாக மடிந்து உட்கார்ந்திருந்தாள். நெற்றியெல்லாம் வேர்வை.

"உனக்கென்னக்கா?"

"ஒண்ணுமில்லடா. புளிப்பு தூக்கலா இருக்கான்னு ஒவ்வொரு தடவையும் ரெண்டு வாய் குடிச்சுப் பாத்துட்டுத்தானே அவளுக்குக் குடுப்பேன்."

"நீ வாந்தியெடுத்தியா?"

"புள்ள பயந்துக்குமேன்னு அடக்கிக்கிட்டேன்."

அவர் டாக்டரைக் கூப்பிட வாயைத் திறப்பதற்குள் அக்கா பெஞ்சிலிருந்து சரிந்தாள். இரண்டு பேர் தூக்கி உள்ளே கொண்டுபோனார்கள். கதவு சாத்திக்கொண்டது. குழந்தை அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தது.

"அத்தை எப்பப்பா வருவாங்க?"

அவர் குழந்தையைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டு கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உங்கள் வீட்டுக் கரண்டியில் ஏறுவதெல்லாம் அமுதாக இருக்கட்டும், கண்ணுகளா. உண்ணும் வாயோடு ஊட்டும் கையும் நெடுங்காலம் நலமாயிருக்கட்டும்.