முள்ளெலிக்கு ஒரு மணி நேரம்

எங்கள் பராகுவேயில் கடல் கிடையாது. கடல் இல்லாத நாட்டிலிருந்து கடல் உயிரியல் படிக்கக் கிளம்பியவளுக்கு இதுவும் வேண்டும், இன்னமும் வேண்டும்.

பட்டம் வாங்க எனக்கு ஒரே ஒரு படிவம் பாக்கி. ‘உயிருள்ள கடல் பிராணியைத் தன் கையால் கையாண்டு இனப்பெருக்கச் சோதனை செய்தார்’ என்று வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். அதற்காகத்தான் சிலேயின் அன்தோஃபகாஸ்தாவில் ஒரு பருவம் படிக்க இடம் வாங்கினேன். வாங்கியது 2020-ல், விமானம் ஏறியது 2022-ல். நடுவில் இரண்டு வருடம் கட்டிலில் உட்கார்ந்து கடலைத் திரையில் படித்தேன்.

கட்டுப்பாடெல்லாம் தளர்ந்துவிட்டது என்றார்கள். நான் ஊரில் போட்டுக்கொண்ட தடுப்பூசியை இங்கே கணினி ஒப்புக்கொள்ளவே ஐந்து வாரம் பிடித்தது. அதுவரை வகுப்புக்குள் மட்டுமல்ல, காப்பிக் கடைக்குள்ளும் விடவில்லை. பச்சைக் குறி வந்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தக் குஷியில்தான் காரியத்தைக் கெடுத்தேன்.

முதல் செய்முறை வகுப்பில் பேராசிரியர் பர்ரியா சாதாரண வகுப்பறையில் வைத்து விதிகளை மட்டும் சொன்னார். ஆய்வுக்கூடமும், பாறையில் ஒட்டி வாழும் முள்பந்து போன்ற கடல் முள்ளெலிகளும் மறுநாள் என்றார். வெளியே வந்ததும் நான் பையைத் திறந்து தெரெரே கலந்தேன். ஐஸ் தண்ணீரில் யெர்பா இலை, ஒரே கொம்புக் குவளை, ஒரே உறிஞ்சுகுழல். நான் குடித்துவிட்டுப் பக்கத்திலிருந்தவளிடம் நீட்டினேன். எங்கள் ஊரில் நீட்டாவிட்டால்தான் கோபித்துக்கொள்வார்கள். இவர்களும் பாவம், மரியாதைக்காக முகக்கவசத்தை இறக்கி ஆளுக்கொரு உறிஞ்சு உறிஞ்சினார்கள். மறுநாள் காலை ஒருத்திக்குத் தொற்று. வகுப்பிலிருந்த பதினோரு பேரும் நானும் ஒரு வாரம் வீட்டோடு அடைந்து கிடந்தோம். அன்றிலிருந்து வகுப்பில் என் பெயர் ‘உறிஞ்சுகுழல்’.

வகுப்பை அடுத்த வியாழனுக்குத் தள்ளினார்கள். செவ்வாயன்று மாணவர்கள் சாப்பாட்டு உதவித்தொகையைக் கூட்டச் சொல்லி ஓட்டெடுத்து, வளாகத்தைப் பிடித்துக்கொண்டு, நாற்காலிகளை அடுக்கி வாசலை அடைத்தார்கள். கோரிக்கை நியாயம்தான். அதை ஒரு வாரம் கழித்துக் கேட்டிருக்கக் கூடாதா? மறுபடியும் எல்லா வகுப்பும் திரையில். என் அறையிலிருந்து இரண்டு தெரு தள்ளிக் கடல். நானோ அதைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். கணினியைத் தூக்கி ஜன்னல் வழியாக எறியலாமா என்று இருந்தது.

முள்ளெலிகள் முட்டை விடும் காலம் இந்த வாரத்தோடு சரி என்று பர்ரியா சொன்னதும் நேரே வாசலுக்குப் போய்ச் சண்டை போட்டேன். காவலுக்கு நின்றவன் யெர்கோ, தத்துவ மாணவன். உள்ளே போய்க் கூட்டம் கூட்டினான். நாற்பது நிமிடம் பேசி, ஓட்டுப் போட்டு, முடிவோடு வந்தான். நான் எந்தக் கட்சியிலும் சேராத வெளியூர்க்காரி என்பதால் வியாழனன்று ஒரு மணி நேரம் அனுமதி. அவன் கூடவே இருப்பான்.

அப்படித்தான் அந்த ஆய்வுக்கூடத்துக்குள் முதன்முதலாகக் கால் வைத்தேன். ஃபோனில் பர்ரியாவும் பதினோரு முகங்களும். ஃபோனை ஒரு குடுவையில் சாய்த்து வைத்தால் சரிந்தது. மறுபடி வைத்தேன், மறுபடி சரிந்தது. யெர்கோவிடம் நீட்டினேன்.

"நாங்க வகுப்பைப் புறக்கணிச்சிருக்கோம், பராகுவே. அந்த ஃபோனைத் தொட மாட்டேன். முள்ளெலியோட எங்களுக்கு ஒரு சண்டையும் இல்ல, அந்த வேலைய வேணா செய்றேன்."

ஃபோனுக்குள்ளிருந்து வகுப்புத் தோழி மைத்தே சொன்னாள். "நீயே பிடி, உறிஞ்சுகுழல். உன்னாலதான எங்களுக்கு ஒரு வாரம் போச்சு."

முதலில் இவர்கள் பார்க்கட்டும், அடுத்து நான் செய்துகொள்ளலாம் என்று ஃபோனை நானே பிடித்துக்கொண்டேன்.

யெர்கோ கையுறை மாட்டினான். பர்ரியா சொல்லச் சொல்ல முள்ளெலிக்கு ஊசி போட்டான். ஆரஞ்சு நிறத்தில் முட்டைகள் வழிந்தன. அடுத்ததிலிருந்து வெள்ளையாக விந்து. இரண்டையும் கலந்து நுண்ணோக்கியில் வைத்தான். நான் ஃபோனை அதன் கண்வில்லையில் வைத்துப் பிடித்தேன். கரு உண்டானதற்கு அடையாளமாக ஒவ்வொரு முட்டையைச் சுற்றியும் மெல்லிய வளையம் எழும்பியது. ஃபோனில் எல்லோரும் பார்த்தார்கள். என் பக்கமிருந்த திரையில் அவர்கள் முகங்கள்தான் தெரிந்தன, என்னால் மட்டும் பார்க்க முடியவில்லை. பார்த்ததே போதும், அவர்கள் பதினோரு பேரும் தேறினார்கள் என்றார் பர்ரியா. யெர்கோவிடம், கை நன்றாக இருக்கிறது, துறை மாறி வந்துவிடு என்று வேறு சொன்னார்.

இப்போது என் முறை என்று கையுறையை எடுத்தேன். யெர்கோ கடிகாரத்தைக் காட்டினான்.

"மணி ஆயிடுச்சு. ஓட்டுப் போட்டு முடிவு பண்ணினது, நான் மாத்த முடியாது."

"சார், என் படிவம்..." என்றேன் ஃபோனைப் பார்த்து.

பர்ரியா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "நீ கையால தொட்டியாம்மா?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் என் கை முழு நேரமும் ஃபோனைத்தான் பிடித்திருந்தது என்பது பார்த்துக்கொண்டிருந்த பதினோரு பேருக்கும் தெரியுமே.

"இல்ல சார்."

"அப்ப நான் எப்படிம்மா எழுதறது?"

இணைப்பு துண்டானது. யெர்கோ கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு வராந்தாவைப் பார்த்தபடி நின்றான். நான் சட்டைக் கையைக்கூட மடிக்காமல் இரண்டு கைகளையும் முள்ளெலிகள் கிடந்த தொட்டிக்குள் விட்டேன். தண்ணீர் குளிரில் கடித்தது. அழுகை வந்தது, அழுதேன். ஒரு முள்ளெலி மெதுவாகத் தன் முட்களைச் சாய்த்து என் விரலைப் பற்றிக்கொண்டது. இப்போது அதைக் காட்ட ஃபோனைப் பிடிக்கத்தான் ஆள் இல்லை.