இரவல் போன அப்பா

நேர்காணலுக்கு வந்தவர்கள் நான்கு பேர். எடுக்கப்போவது இரண்டு பேரை. பட்டியல் ஆங்கில எழுத்து வரிசையில் இருந்தது. ஆரிபா முதலில், அடுத்து பொம்மையன், பிறகு ராபின், கடைசியில் சகாயராணி. பள்ளிக்கூட நாளிலிருந்தே கடைசிப் பெயராக இருந்து பழகியவள் என்பதால் அவள் அதைக் கண்டுகொள்ளவில்லை. அந்தச் சனிக்கிழமை காலையில்தான் அது பெரிய வில்லங்கமாக வந்து முடிந்தது.

நாகல் நகரில் ஒரு செருப்புக் கடைக்கு மேல்மாடியில் அந்த ஜப்பானிய மொழி வகுப்பு நடக்கிறது. அங்கே படித்துத் தேறினால் ஜப்பானில் முதியோர் இல்லத்தில் வேலை. சகாயராணி தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ். வயது முப்பத்தொன்று. அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்ததால் முன்பே இரண்டு நேர்காணல்களைக் கோட்டைவிட்டவள். முப்பத்தொன்று தாண்டினால் அந்த இல்லத்தில் எடுக்கமாட்டார்கள். இதை விட்டால் அவ்வளவுதான், காலம் முழுக்க அதே ஆஸ்பத்திரி, அதே ஊசி, அதே ஏச்சு.

அப்பா ஆரோக்கியதாஸ் ஒரு பள்ளியில் பி.டி. வாத்தியாராக இருந்தவர். பக்கவாதம் வந்து வலப்பக்கத்தையும் பேச்சையும் ஒருசேரக் கொண்டுபோய்விட்டது. போன தவக்காலத்தில் இறந்தார். அதற்கு முந்தைய ஆறு வாரம் சகாயராணி வகுப்புப் பக்கமே போகவில்லை. வகுப்பு முடிந்ததும் ஆரிபாதான் நோட்டோடு நேரே வீட்டுக்கு வருவாள். அப்பாவின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அன்றைய பாடத்தைச் சொல்லிக்கொடுப்பாள். ‘கொசோ’ வந்தது அப்படித்தான்.

கொசோ என்பது ஜப்பானியர்கள் ஒரு சொல்லுக்குப் பின்னால் ஒட்டுகிற சின்ன அசை. நாம் ‘தான்’ போடுவதுபோல, ஆனால் அதைவிடச் சிக்கனமாகப் போடுவார்கள். பாடம் எடுத்த புவனேஸ்வரி பழனிக்காரர். நான்கு வருடம் ஜப்பானில் வேலை பார்த்தவர். அவரை அப்படியே நடித்துக் காட்டினாள் ஆரிபா.

“ஏனுங்க, இந்தக் கொசோவக் கண்ட எடத்துல போடாதீங்க. எல்லாத்தையும் அழுத்திச் சொன்னா எதையுமே அழுத்துனதா ஆகாதுங்க. மனசுல இருக்கறதுக்கு மட்டும் போடுங்க.”

அப்பாவுக்கு வாயின் இடப்பக்கம் மட்டும் சிரித்தது.

அவர் இறந்து மூன்று வாரம் கழித்து வகுப்புக்குத் திரும்பிய சகாயராணி, ‘முதியோரைப் பராமரிக்க ஏன் விரும்புகிறீர்கள்?’ என்ற கேள்விக்கு எட்டு வரி எழுதினாள். பேசமுடியாத அப்பாவை மூன்று வருடம் பார்த்துக்கொண்டது, அவரைக் குளிப்பாட்டியது, கஞ்சி ஊட்டியது. கடைசி வரி: ‘ச்சிச்சி கா இதா கரா கொசோ…’ அப்பா இருந்ததால்தான் இன்றைக்கு நான் இருக்கிறேன். புவனேஸ்வரி அதைப் படித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாதிரி விடை என்று சொல்லி எட்டு வரியையும் போர்டில் எழுதிப்போட்டார்.

அங்கேதான் வந்தது வினை. நல்ல விடை ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் அதை நெட்டுருப் போடாமல் விட நமக்குத் தெரியுமா? ஒன்றாம் வகுப்பில் ஊரே ஒரே பசுவைப் பற்றி எழுதியது; எல்லார் நோட்டிலும் அதற்கு நான்கு கால், இரண்டு கொம்பு. அந்தப் பழக்கம் எங்கே போகும்? மற்ற மூன்று பேரும் போர்டைப் பார்த்துச் சத்தமில்லாமல் எழுதிக்கொண்டார்கள். தான் மட்டும்தான் இதைச் சொல்லப்போகிறோம் என்று ஆளுக்கு ஆள் நினைத்துக்கொண்டார்கள்.

நேர்காணல் நடந்த அறைக்கும் காத்திருக்கும் இடத்துக்கும் நடுவே ஒரு ப்ளைவுட் தடுப்பு, அவ்வளவுதான். உள்ளே கம்ப்யூட்டர் திரையில் ஜப்பான் இல்லத்தின் தலைவி மொரிதா அம்மையார். வெளியே பெஞ்சில் மற்றவர்களோடு புவனேஸ்வரி. உள்ளே போன ஆரிபா கணீரென்று ஆரம்பித்தாள். பேசமுடியாத அப்பா. கஞ்சி. மூன்று வருடம். கொசோ.

சகாயராணிக்கு முதலில் விளங்கவே இல்லை. விளங்கியதும் தடுப்பைத் திரும்பிப் பார்த்தாள். ஆரிபாவின் வாப்பா முகமது யாசின் அன்று காலைதான் ஸ்கூட்டரில் அவளைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, “நல்லாப் பேசும்மா” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மொரிதா அம்மையார் கனிவாக ஒரு கேள்வி கேட்டார். “பேசமுடியாதவர் என்றால், தேவைப்படும்போது உங்களை எப்படிக் கூப்பிட்டார்?”

ஆரிபாவின் குரல் மெதுவாக வந்தது. “தெரியவில்லை. மன்னிக்கவும்.” வெளியே வந்தவள் யார் முகத்தையும் பார்க்காமல் ஜன்னல் பக்கம் போய் நின்றாள்.

பொம்மையன் போனான். அதே அப்பா, அதே கஞ்சி. எப்படிக் கூப்பிட்டார் என்ற கேள்விக்கு, “போனில்” என்றான். பேசமுடியாதவர் போனில் கூப்பிட்டாராம்! ராபினுக்கும் அதே எட்டு வரிதான். அவன் மணி அடித்தார் என்று சமாளித்தான். அம்மையார் லேசாகச் சிரித்த சத்தம் வெளியே கேட்டது. புவனேஸ்வரி தலையில் கைவைத்துக்கொண்டார்.

“ஐயோ, நாந்தானுங்களே போர்டுல எழுதிப் போட்டேன்.”

சகாயராணிக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவள் மூன்று வருடம் தூக்கிப் புரட்டிய அப்பாவை மூன்று பேர் வரிசையாக வந்து மலிவாக்கிவிட்டார்கள். இனி அவள் உண்மையைச் சொன்னால் அது நாலாவது பொய். என் அப்பாதான் என்று அடித்துச் சொன்னால் மற்ற மூன்று பேரின் பிழைப்பும் போயிற்று. வேறு கதை கட்டவும் அவளுக்கு மனசு வரவில்லை. பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து போனாள்.

“நீங்களும் அப்பாவைப் பற்றித்தானா?” என்றார் அம்மையார். கேலி இல்லை, களைப்புதான்.

“ஆமாம்.”

“எப்படிக் கூப்பிட்டார்?”

விசிலுக்கு ஜப்பானிய மொழியில் என்னவென்று சகாயராணிக்குத் தெரியாது. அதனால்தான் அது எட்டு வரிக்குள் வரவில்லை. கைப்பையைத் திறந்து வீட்டுச் சாவியை எடுத்தாள். சாவியோடு அப்பாவின் பழைய பி.டி. விசில் தொங்கியது. வாயில் வைத்து ஒருமுறை ஊதினாள். கீழே செருப்புக் கடையில் பேச்சு நின்றது.

“ஒன்று என்றால் தண்ணீர். இரண்டு என்றால் புரட்டிப்போடு. மூன்று என்றால் சீக்கிரம் வா.”

அம்மையார் திரைக்கு அருகே குனிந்தார். “அப்படியானால் மற்றவர்கள்?”

சகாயராணி தட்டுத்தடுமாறித்தான் சொன்னாள். “அவர் என் அப்பா. நான் எழுதியதை அவர்கள் மனப்பாடம் செய்தார்கள். எங்கள் ஊரில் நல்ல விடையை அப்படிச் செய்வோம். அது தப்பு. ஆனால் முதலில் வந்த ஆரிபாவுக்கு இந்தச் சத்தம் தெரியும். எங்கள் வீட்டில் தினமும் கேட்டவள். தெரிந்தும் அவள் சொல்லவில்லை.” மூச்சை இழுத்துக்கொண்டாள். “ஆரிபா-சான் கா இதா கரா கொசோ…” ஆரிபா இருந்ததால்தான் அந்த எட்டு வரியை என்னால் எழுத முடிந்தது.

அம்மையார் எதையோ குறித்துக்கொண்டார்.

“எங்கள் இல்லத்தில் கூப்பிடுவதற்குப் பொத்தான் இருக்கிறது. இருந்தாலும் வரும்போது அந்த விசிலைக் கொண்டுவாருங்கள்” என்றார். “மற்ற மூவரையும் மறுபடி அனுப்புங்கள். இந்தமுறை அவரவர் கதை வேண்டும்.”

வரும்போது என்றாரே! சகாயராணிக்குக் கால் தரையில் பாவவில்லை. வெளியே வந்தவள் ஜன்னலோரம் நின்ற ஆரிபாவிடம் நேரே போனாள்.

“ஏன்டி விசில மட்டும் சொல்லல?”

“வாய் வரலடி,” என்றாள் ஆரிபா. “எழுதுனது போர்டுல கெடந்துச்சு, எல்லாரையும் மாதிரி நானும் எடுத்துக்கிட்டேன். விசிலு சாரோடதாச்சே. அத எப்படி எடுப்பேன்?”

“சரி, போ. ஒன்னைய மறுக்கா கூப்பிடுறாங்க. ஓங்கதையச் சொல்லணுமாம்.”

“எங்கதையா? எங்க வீட்ல எல்லாரும் குத்துக்கல்லு மாதிரி இருக்காகடி. நான் யாரப் பாத்துக்கிட்டேன்னு சொல்ல?”

சகாயராணிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

“அன்னைக்கு நான் குளிக்கப் போனப்ப மூணு விசிலுக்கு ஓடுனது யாருடி? சளி அடைச்சு மூச்சுத் திணறுனவரத் தூக்கி நெஞ்சுல சாச்சுக்கிட்டது யாரு? ஒன் துப்பட்டா பூராம் வாந்தி. மறுநாளும் வந்தியே. அதச் சொல்லு.”

“அது ஒங்க அப்பாடி.”

“எங்க அப்பாதான். ஒனக்கும் அவரத் தெரியும்ல?”

சாவியை விசிலோடு அவள் கையில் வைத்து விரல்களை மூடிவிட்டாள். ஆரிபா துப்பட்டா நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். பெஞ்சில் பொம்மையனும் ராபினும் முதல்முறையாகத் தங்களுக்குச் சொந்தமாகச் சொல்ல என்ன இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தார்கள்.

தடுப்புக்கு அப்பால் ஆரிபாவின் குரல் கேட்டது. கணீரென்று இல்லை, வார்த்தை வார்த்தையாக, தப்பும் தவறுமாக வந்தது.

“அவர் என் அப்பா இல்லை,” என்று ஆரம்பித்தாள் அவள்.