ஒன்றரை ஷிப்ட் தூக்கம்

அன்புசெல்வி ஒரு புதன்கிழமை தூங்கி எழுந்தாள், அதற்குப் பிறகு ஆறு வருடம் தூங்கவில்லை. குண்டடம் கிராமத்திலிருந்து வந்து பதினான்கு வருடம் பனியன் கம்பெனியில், துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மிஷினில் ஒன்றரை ஷிப்ட் தைத்தவள். காலை எட்டரைக்கு உட்கார்ந்தால் ராத்திரி ஒன்பது. இடையில் வந்த தூக்கத்தையெல்லாம் சட்டைகளின் பக்கத்தையலுக்குள் வைத்துத் தைத்துவிட்டாள், ஒருநாள் தீர்ந்துபோயிற்று. ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை தூங்கியது, இவள் தூங்கவில்லை.

வேலையை விட்டு, வீட்டு வாசலில் மிஷின் போட்டுப் பழைய துணி தைக்க ஆரம்பித்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. ஒரு பழைய டி-ஷர்ட்டைப் பையாக மாற்றப் பக்கத்தைப் பிரித்தாள். உள்ளிருந்து ஒரு கொட்டாவி வந்தது. எதிரே மாவு மில் தங்கவேலு நின்ற வாக்கில் தூங்கிப்போனார், அரைக்கப் போட்ட மிளகாய் புகைந்தது. இவளுக்கு ஒன்றும் ஆகவில்லை; அது வேறு யாரோ தைத்த சட்டை. ஒரு டெய்லரின் தூக்கம் இன்னொரு டெய்லருக்கு ஒட்டாது. பிரிக்காமல் உடுத்தினாலும் தூக்கம் கசியும்தான், ஆனால் நாலைந்து வருடம் பிடிக்கும். இந்தக் காலத்தில் எவர் அத்தனை வருடம் ஒரே சட்டையை உடுத்துகிறார்? மூன்று தடவை துவைத்ததும் தூக்கிப் போட்டுவிட்டு, விடிய விடிய மொபைலில் புதுசு தேடிக் கிடக்கிறார்கள். கிடக்கட்டும்.

அன்புசெல்வி தன் தூக்கத்தைத் தேடினாள். அடையாளம் இருந்தது. வெட்டிய துணியில் பண்டல் நம்பர் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், அதை எடுத்துவிட்டுத் தைக்க வேண்டும். கண் சொருகும் நேரத்தில் இவள் ஸ்டிக்கரையும் சேர்த்துத் தைத்துவிடுவாள்; சூப்பர்வைசரிடம் திட்டு வாங்காத வாரமில்லை. தன் பண்டல் கலந்துவிடாமலிருக்க அந்த ஸ்டிக்கரில் பேனாவால் ஒரு வேப்பிலை வரைந்திருப்பாள். மூட்டை மூட்டையாகப் பழசைக் கிளறினாள். கிழிந்ததற்கு ஒட்டுப்போட்டாள், பெரியதைச் சின்னதாக்கினாள், தேறாததைக் கால்மிதியாக்கினாள். வேப்பிலை மட்டும் கிடைக்கவில்லை. முக்கால்வாசி கப்பலேறிப் போனதுதானே. எந்தச் சீமையில் எவன் குறட்டை விடுகிறானோ என்று ஆத்திரமாக வரும்.

போன வருடம் ஆடியில், சாயப்பட்டறையில் இரவு வேலை பார்க்கும் மொக்கைச்சாமி அக்குளில் கிழிந்த ஒரு நீலச் சட்டையைக் கொண்டுவந்தான். தேனிப் பக்கத்துக்காரன், இவள் வீட்டுச் சுவரை ஒட்டிய அடுத்த லைன் வீட்டில் குடியிருந்தான். பக்கத்தையலில் விரலை ஓட்டியபோது சரசரத்தது. வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். வேப்பிலை. நூல் வெட்டும் ட்ரிம்மரை எடுத்தாள்.

"அக்கா, கிழிசலை மட்டும் தையுங்க. பக்கத்தைப் பிரிச்சுறாதீங்க," என்றான் அவன். "அஞ்சு வருசமாப் போடுறேன். இப்பல்லாம் இதைப் போட்டாத்தான் பகல்ல கண்ணு மூடுது."

"இது நாந் தெச்சதுங்க தம்பி. உள்ளார இருக்கறது என்ற தூக்கமுங்க. நாங் கண்ணு மூடி ஆறு வருசமாச்சு."

அவன் சாயம் ஏறிய விரலால் அந்தப் பக்கத்தையலை அளந்து பார்த்தான். இருவருக்கும் அழுகை வந்தது, அழத் தெம்பில்லை. கடைசியில் அவனே சொன்னான்: "பாதி பிரிங்கக்கா."

பாதி பிரித்தாள். துணிக் குவியலிலேயே சாய்ந்து நாலு மணி நேரம் தூங்கினாள். அன்று முதல் அந்த ஒரே தூக்கம் இருவருக்கும் ஷிப்டில் ஓடுகிறது. ஒருவர் விழித்தால்தான் மற்றவருக்கு வரும். காலை எட்டு முதல் பன்னிரண்டு வரை மொக்கைச்சாமி, பன்னிரண்டு முதல் நாலு வரை இவள். பன்னிரண்டுக்கும் நாலுக்கும் நடுவில் போனால் தைக்கத் துணி வாங்கமாட்டாள் என்பது தெருவுக்குப் பழகிவிட்டது.

இந்தத் தை பிறப்பதற்கு முன் பட்டறையில் அவசர ஆர்டர் வந்து, மொக்கைச்சாமியை இரண்டு நாள் வெளியே விடவில்லை. அவன் பங்கும் இவள்மேல் விழுந்தது. இரண்டு நாளும் எழவேயில்லை. ஜனங்கள் தைக்க வேண்டியதைச் சுற்றிலும் வைத்துவிட்டுப் போனார்கள். மூன்றாம் நாள் காலை விழித்தபோது உடம்பு காற்றாக இருந்தது. அவன் பங்கையும் சேர்த்துத் தூங்கிவிட்டது புரிந்ததும் சட்டென்று எழுந்தாள். வாசலில் அவன் நின்றிருந்தான், கண் இரண்டும் ரத்தச் சிவப்பு. 

"போய்ப் படுங்க தம்பி," என்றாள். "ரெண்டு நாளைக்கு நான் படுக்க மாட்டனுங்க."

முகத்தைக் கழுவிவிட்டு மிஷினில் உட்கார்ந்தாள். இரண்டு பகல், இரண்டு இரவு, குவிந்து கிடந்ததையெல்லாம் தைத்தாள். அடுத்த வீட்டிலிருந்து குறட்டை கேட்டுக்கொண்டே இருந்தது. அது தன்னுடைய குறட்டைதான் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.