லாசர் சாப்பிட்ட காணிக்கை

தல்லாகுளத்துக் கோயிலில் லாசர் ஜெபிக்க எழுந்தால், விவரம் தெரிந்தவர்கள் முதலில் தங்கள் வசதியைப் பார்த்துக்கொள்வார்கள். முழங்கால் போடுகிறவர்கள் துண்டை நாலாக மடித்து முட்டிக்கு அடியில் வைப்பார்கள். கைக்குழந்தைக்காரிகள் பின்வாசல் பக்கம் நகர்ந்துவிடுவார்கள். ஆதாம் ஏவாளில் கிளம்பி, நோவாவின் பேழையில் சற்றே தங்கி, செங்கடலைக் கடந்து, தேசத்தின் தலைவர்கள், மாவட்ட ஆட்சியர், சபை மூப்பர்கள், மழை, மின்வெட்டு என்று ஊர் வந்து சேர இருபத்திரண்டு நிமிடம் ஆகும்.

அரசாங்க அலுவலகத்தில் தலைமை எழுத்தர் என்பதால் ஜெபத்திலும் அந்த வாடை அடிக்கும். "மேற்படி விண்ணப்பங்களைத் தயவாய்ப் பரிசீலித்து" என்பார். ஒருமுறை "தகுந்த மேல்நடவடிக்கைக்காக" என்றே முடித்துவிட்டார். யாரும் சிரிக்கவில்லை. பாதிப் பேர் தூங்கிப் போயிருந்தார்கள்.

சபையில் அவருக்கு 'ஜெபவீரர்' என்று பெயர். அதைச் சொல்கிறவர்களின் உதட்டோரத்தை அவர் ஒருநாளும் உற்றுப் பார்த்ததில்லை.

அவர் மனைவி ஞானப்பூ எழுமலைக்காரி. அவள் வாய்விட்டு ஜெபித்து யாரும் கேட்டதில்லை. லாசருக்கு அதில் கொஞ்சம் மனத்தாங்கல்.

"நாலு பேரு முன்னாடி ரெண்டு வார்த்தை ஜெபம் பண்ணத் தெரியல உனக்கு."

"எனக்கு எங்கங்க அம்புட்டு வார்த்தை தெரியும்?" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குப் போய்விடுவாள்.

எழுபத்தெட்டாம் வருஷம் ஆடி மாதம் ஞானப்பூ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். மிஷன் ஆஸ்பத்திரி டாக்டரம்மா பார்த்துவிட்டு, கர்ப்பப்பையில் கட்டி, பெரிதாக வளர்ந்திருக்கிறது, அறுத்துத்தான் எடுக்க வேண்டும் என்றார். உடம்பில் ரத்தம் போதாது. பத்து நாள் படுக்க வைத்து, ரத்தம் ஏற்றித் தேற்றி, அடுத்த வாரம் வியாழக்கிழமை ஆபரேஷன்.

"பிழைச்சிருவாளா டாக்டரம்மா?"

"ஜெபம் பண்ணுங்க. நீங்கதான் நல்லா ஜெபிப்பீங்களாமே."

அன்று வீட்டுக்கு வந்து லாசர் முழங்கால் போட்டார். ஆதாமில் தொடங்கினார். பேழை வரை போய் நின்றுவிட்டது. செங்கடல் கண்ணில் தெரிந்தது, ஆனால் பிளக்கவில்லை. கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று. அதற்கு இவ்வளவு தூரம் சுற்றி வரவேண்டுமா என்ற கேள்வி வாழ்நாளில் முதன்முறையாக அவருக்குத் தோன்றியது. எழுந்துவிட்டார்.

அடுத்தது வயிறு. ஒரே மகன் பட்டாளத்தில் இருந்தான். ஓட்டல் சாப்பாடு லாசரின் குடல்புண்ணுக்கு ஆகாது. அடுப்படிக்குள் போனார். இருபத்தாறு வருஷம் குடியிருந்த வீட்டில் அரிசி எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. ஆபீஸில் இருபது வருஷத்துப் பழைய கோப்பையும் இரண்டே நிமிடத்தில் எடுத்துக் கொடுக்கிற மனிதர் அவர். கட்டிலுக்கு அடியில் மூட்டை இருந்தது. அவர் பார்த்தது அடுப்புக்கு மேலே மாடத்தில் இருந்த பிஸ்கட் டின்னை. வாயில் வெள்ளைத் துணி கட்டி, முக்கால்வாசி அரிசியோடு இருந்தது. செவ்வாயிலிருந்து வெள்ளி வரை, இரண்டு வேளையும் அதிலிருந்தே பொங்கிச் சாப்பிட்டார். முதல் நாள் குழைந்தது. மறுநாள் நறுக்கென்று நின்றது. வெள்ளிக்கிழமை ஒருவிதமாகச் சோறு ஆனபோது டின் காலி.

சனிக்கிழமை சாயங்காலம் தங்கப்பொண்ணு வந்தாள். கோயில் கூட்டுகிறவள், புருஷனை இழந்தவள், கையெழுத்துக்குப் பதில் பெருவிரல் வைப்பவள். சபைப் பெண்கள் சங்கத்துக்காக வீடு வீடாகப் போய்ப் பிடி அரிசி வாங்குவது அவள் பொறுப்பு. சபை விடுதிப் பிள்ளைகளின் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு அந்த அரிசியில்தான்.

"ஐயா, அக்கா டின்ன எடுத்துக்கிறட்டா?"

"எந்த டின்னு?"

"அடுப்புக்கு மேல இருக்குமே. சாமிக்கு எடுத்து வச்ச அரிசி."

லாசர் டின்னை எடுத்துக் கவிழ்த்துக் காட்டினார். துணி மட்டும் விழுந்தது.

"எலி வந்திருச்சா?"

"இல்ல. நான்தான்."

தங்கப்பொண்ணு வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. ஜெபவீரர், ஆண்டவருடைய பங்கை நான்கு நாளாக ரசம் ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டிருக்கிறார்.

"இந்தா இரு. இப்ப வாரேன்" என்று சைக்கிளை எடுத்த லாசர் சிம்மக்கல் அரிசி மண்டியில் போய் நின்றார். மண்டியிலேயே உயர்ந்த ரகமாகப் பார்த்து, கல் குருணை இல்லாமல் வாங்கி வந்து, டின் தளும்பக் கொட்டினார். ஆபீஸில் குறைந்த தஸ்தாவேஜைச் சேர்த்து வைத்த நிம்மதி முகத்தில்.

தங்கப்பொண்ணு தொடவில்லை.

"இது கடை அரிசிய்யா."

"அரிசி அரிசிதானே?"

"காணிக்கைன்னு குடுங்க, பிள்ளைங்களுக்கு வாங்கிக்கிறேன். பிடி அரிசின்னு வாங்க முடியாது. உலையில போடப்போற அரிசியிலருந்து ஒரு பிடி எடுக்கணும். நம்ம வாய்க்குப் போறதுல கொறையணும்ல? அக்கா ரெண்டு வேளையும் எடுக்கும். ஒவ்வொரு பிடிக்கும் ஒரு ஆளு பேரச் சொல்லும்."

"பேரா?"

"ஆமா. எங்க அண்ணன் முத்துக்கருப்பன் குடிய விடணும்னு மூணு வருசம் எடுத்துச்சு. விட்டுட்டான். எதுத்த வீட்டுப் பரீட்ச எழுதுற பிள்ளைக்கு ஒண்ணு. உங்க ஆபீஸ் மேனேஜருக்குக்கூட எடுக்கும்."

"அந்த ஆளுக்கா?"

"அவருக்குத்தான் தெனமும்."

கடை அரிசியைக் காணிக்கையாகப் பையில் கட்டிக்கொண்டு, கட்டிலுக்கு அடியில் இருந்த மூட்டையையும் காட்டிவிட்டுத் தங்கப்பொண்ணு போனாள். அன்றிரவே லாசர் பிடி அரிசி எடுக்க ஆரம்பித்தார். பம்ப் ஸ்டவ்வில் உலை கொதித்தது. முறத்திலிருந்து ஒரு பிடி அள்ளினார். கண்ணை மூடினார். "சர்வ சிருஷ்டிகரும், ஆதியும் அந்தமுமாகிய" என்று தொடங்கி, தேசத்தலைவர்களை நெருங்கும்போது உஸ்ஸென்று சத்தம். உலை பொங்கி ஸ்டவ் அணைந்துவிட்டது. அடுப்படி முழுக்க மண்ணெண்ணெய் நாற்றம். ஆண்டவர் பொறுத்தாலும் கொதிக்கிற தண்ணீர் பொறுக்காது என்று தெரிந்துகொண்டார்.

மறுநாள் ஆதாமை விட்டார். திங்கட்கிழமை ஆட்சியரை விட்டார். செவ்வாய்க்கிழமை தண்ணீர் கண்விழித்துக் குமிழி விட்டபோது, அவரிடம் மிஞ்சியிருந்தது இரண்டு வார்த்தைதான்.

"ஆண்டவரே, ஞானப்பூ."

பிடியைத் திறந்து டின்னில் விட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். மண்ணெண்ணெய்ப் புகை என்று சொல்லிக்கொள்ள அங்கே யாரும் இல்லை.

வியாழக்கிழமை விடிந்தது. ஆபரேஷன் பத்து மணிக்கு. லாசர் அன்று சாப்பிடுவதாக இல்லை. சமைக்க ஒரு தேவையும் இல்லை. ஆனாலும் உலை வைத்தால்தானே பிடி எடுக்க முடியும்? சட்டையைப் போட்டுக்கொண்டு, அலுவலகப் பேனாவையும் பையில் சொருகிக்கொண்டு, உலை வைத்தார். அரிசியை அள்ளிப் பிடித்தவருக்கு விரலைத் திறக்க மனம் வரவில்லை. திறந்தால் அவளை அனுப்பி வைத்த மாதிரி ஆகிவிடுமோ என்று பயந்தார். தண்ணீர் தளதளத்தது. ஒரு வழியாகத் திறந்தார். வேர்வையில் ஏழெட்டு அரிசி உள்ளங்கையிலேயே ஒட்டிக்கொண்டு விழ மறுத்தது. ஒவ்வொன்றாகத் தட்டி டின்னில் சேர்த்துவிட்டு, மிச்ச அரிசியைப் பொங்கி எதிர்வீட்டில் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்.

ஒன்றே கால் மணிக்கு டாக்டரம்மா வெளியே வந்து, "கட்டிய எடுத்தாச்சு. நல்லாருக்காங்க. நீங்க மொதல்ல உக்காருங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் போதகர், "வியாதியஸ்தர்களுக்காக நம் ஜெபவீரர் ஜெபிப்பார்" என்றார். துண்டுகள் மடிந்தன. கைக்குழந்தைகள் பின்வாசலுக்குப் போயின. ஒரு மூப்பர் கண்ணாடியைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியை மூடினார்.

லாசர் எழுந்தார். வலது கை தானாக மூடிக்கொண்டது.

"ஆண்டவரே, படுத்திருக்கிறவங்கள எழுப்பிவிடும். உம்மால ஆகும். ஆமென்."

உட்கார்ந்துவிட்டார். முன்னுரை முடிந்து மூச்சு வாங்குகிறார் போலிருக்கிறது என்று சபை பொறுமையோடு காத்திருந்தது. போதகர் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தார். கடைசி வரிசையிலிருந்து தங்கப்பொண்ணுதான் முதலில் "ஆமென்" என்றாள். மூப்பர் அவசரமாகப் பெட்டியைத் திறந்து கண்ணாடியைத் தேடினார்.

அன்று மத்தியானம் தூக்குவாளியில் கஞ்சி எடுத்துக்கொண்டு லாசர் ஆஸ்பத்திரிக்குப் போனார். தங்கப்பொண்ணு முந்திக்கொண்டு கட்டிலோரம் உட்கார்ந்திருந்தாள். ஞானப்பூ வெளுத்திருந்தாள், கண் மட்டும் பழைய கண்.

"ஏ ஞானப்பூ, ஒண்ணு சொல்லணும். உன் டின்னு அரிசிய நான் தின்னுட்டேன்."

"தங்கப்பொண்ணு சொல்லிருச்சு." அவள் வயிற்றை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தாள். "சிரிக்க வைக்காதீங்க. தையல் விட்டுரும்."

"தப்புத்தான்."

"விடுங்க. அதுல பாதி உங்களுக்காக எடுத்த பிடிதான்."

"எனக்கா? குடல்புண்ணுக்கா?"

ஞானப்பூ சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தங்கப்பொண்ணுக்கு அடக்க முடியவில்லை.

"உங்க ஜெபம் கொஞ்சம் சுருங்கணும்னுய்யா."

லாசர் தூக்குவாளியைக் கீழே வைத்தார். "எம்புட்டு நாளா?"

"கல்யாணமான மறுவருசத்துலருந்து" என்றாள் ஞானப்பூ, சுவரைப் பார்த்தபடியே. "இன்னைக்கு ஆண்டவர் கேட்டுட்டாராம்ல?"

அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். சொல்ல நிறைய இருந்தது. மூடிக்கொண்டு, கரண்டியில் கஞ்சியை எடுத்து ஊதி, அவள் வாயருகே கொண்டுபோனார். அவள் ஒரு வாய் வாங்கினாள்.

"உப்புப் பத்தல." இன்னொரு வாய் வாங்கினாள். "ஏங்க, எல்லாருக்கும் எடுக்குறீங்களா? மேனேஜருக்கு எடுத்தீங்களா?"

லாசர் கஞ்சியைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.

"ஏங்க?"

"சாயங்காலம் எடுக்குறேன்" என்றார். அடுத்த கரண்டியை ஊதிக்கொண்டே, "சின்னப் பிடியாத்தான் எடுப்பேன்" என்றார்.