மொசாம்பிக்குக்கு ஒரு நர்ஸ்

டெலிபோன் அலறியபோது சாந்தாமேரியின் கையிலிருந்த ஊசி பாதி மருந்தைத்தான் உள்ளே தள்ளியிருந்தது.

"ஏனுங்கம்மிணி, மணி அடிக்குதுன்னு ஊசிய அங்கயே உட்டுட்டு ஓடிராதீங்க" என்றார் குப்புறப் படுத்திருந்த ஐயாக்கண்ணு.

"பேசாம இருங்க. அசைஞ்சா இன்னொண்ணு போட வேண்டி வரும்."

"அதுக்கு நான் காட்டெருமைகிட்டயே குத்து வாங்கிக்குவேன்."

மீதி மருந்தையும் செலுத்திவிட்டு, சிரித்துக்கொண்டே போய் ரிசீவரை எடுத்தாள். சேலத்திலிருந்து மதர் பேசினார். ஏற்காட்டில் இந்தச் சின்ன ஆஸ்பத்திரியை நடத்துகிற கன்னியாஸ்திரிகளுக்கு அவர்தான் தலைவி.

"சாந்தா, உக்காந்துக்கோ."

"சொல்லுங்க மதர்."

"அமுதா போயிட்டாம்மா."

நாற்காலி பக்கத்தில்தான் இருந்தது. சாந்தாமேரி உட்காரவில்லை.

மூன்று நாட்களுக்கு முன்பு நடந்திருக்கிறது. மொசாம்பிக்கில் ஏதோ ஒரு கிராமத்துக்குக் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடக் கிளம்பியிருக்கிறாள். வழியில் கண்ணிவெடி. ஜீப்பில் இருந்தவர்கள் இருவர், அவளும் டிரைவரும். உடலைக் கொண்டுவர வழியில்லை, அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள்.

"பத்திரிகைக்காரங்க இங்க போன் பண்ணிக் கேட்டுட்டாங்க. நாளைக்குக் காலையில பேப்பர்ல வந்துரும். நான் மலையேறி வர்றதுக்குள்ள இருட்டிடும். நீ உடனே கரடியூர் போய் அவ அம்மாகிட்ட சொல்லிடு. அவளுக்கு அந்த ஊர் பாஷையச் சொல்லிக்குடுத்தவளே நீதானே? உன் வாயால சொன்னா தாங்கிக்குவாங்க."

ரிசீவரை வைத்தபோது ஐயாக்கண்ணு வேட்டியைச் சரிசெய்தபடி எழுந்து நின்றிருந்தார்.

"நான் போகட்டுங்களா?"

"போங்க" என்றாள். அவர் முகத்தை அவள் பார்க்கவில்லை.

*

பதினாறு மாதங்களுக்கு முன்பு, மொசாம்பிக்கில் இருக்கும் மிஷன் ஆஸ்பத்திரிக்கு ஏற்காட்டிலிருந்து ஒரு நர்ஸ் வேண்டும் என்று கடிதம் வந்தது. இரண்டு வருட வேலை. போகிறவளுக்குப் போர்த்துகீசிய மொழி தெரிந்திருக்க வேண்டும். முதலில் கையைத் தூக்கியவள் சாந்தாமேரி. அடுத்து அமுதா.

பாடம் சொல்ல ஃபாதர் கயித்தான் கிடைத்தார். கோவாக்காரர், நுரையீரல் கோளாறுக்காக மலைக்கு வந்து தங்கியிருந்தவர். வாரம் மூன்று நாள், மாலை நான்கு மணிக்கு, மருந்து அறையில் வகுப்பு. முதல் மாதத்திலேயே தெரிந்துவிட்டது: சாந்தாமேரிக்கு அந்த மொழி தண்ணீர் மாதிரி இறங்கியது. அமுதாவுக்குத் தொண்டையில் மாட்டிய மீன்முள் மாதிரி நின்றது.

"ஏனுங்க்கா, ஒரே ஒரு வினைச்சொல்லு. அதுக்கு நானுக்கு ஒரு சட்டை, நீக்கு ஒரு சட்டை, நாங்களுக்கு ஒரு சட்டையா? அதும் நேத்துக்கு வேற, நாளைக்கு வேற. எங்க ஊட்ல மொத்தமே இத்தன சட்டை இல்லீங்க."

"நாம மட்டும் என்ன? வந்தேன், வந்தாய், வந்தோம்னு மாத்தறதில்லையா?"

"அது பொறந்ததுல இருந்து போட்டுட்டிருக்கறதுங்க. இது கடைச் சட்டை, கழுத்தப் புடிக்குது."

வகுப்பு முடிந்ததும் சாந்தாமேரி அவளை விடமாட்டாள். கட்டுத்துணி மடித்துக்கொண்டே பாடம் நடக்கும். இறந்தகாலம் அங்கே இரண்டு. ஒன்று நடந்து முடிந்தது, மற்றது நடந்துகொண்டே இருந்தது. நோயாளி "வலித்தது" என்கிறானா, "வலித்துக்கொண்டிருந்தது" என்கிறானா என்று கவனித்துக் கேள், மருந்தே மாறும் என்பாள். அமுதாவுக்கு அப்படிச் சொன்னால் பிடிபட்டது.

காலங்களைத் தாண்டியதும் மனநிலைகள் வந்தன. அங்கேதான் அமுதா அழுதேவிட்டாள். ஃபாதர் தம் கொச்சைத் தமிழில் விளக்கினார்: "நடந்தது சொல்ல ஒரு வாய். ஆசை, பயம், சந்தேகம் சொல்ல வேற வாய். அந்த ரெண்டாவது வாய்தான் கஷ்டம்."

அன்று மாலை சாந்தாமேரி அதை நோயாளியின் கட்டிலுக்குக் கொண்டுவந்தாள். "காய்ச்சல் விட்டுச்சுன்னா நடந்தது. காய்ச்சல் விடட்டும்னா இன்னும் நடக்கல, நம்ம ஆசை. அவ்வளவுதான்."

"அட, இது நம்மகிட்டயே இருக்குதேக்கா!"

கட்டளையும் அப்படித்தான் புரிந்தது. சிறுவனிடம் வாயைத் திற என்றால் 'அப்ரெ', பெரியவரிடம் 'அப்ரா'.

"ங்க போடறாப்புடி. தொற, தொறங்க. முன்னாலயே சொல்லியிருந்தா இத்தன நாளு அழுதிருப்பனா?"

அவளுக்கு ரொம்பப் பிடித்தது இன்னொரு வடிவம். "நான் திரும்பி வரும்போது" என்று சொல்வதற்கு அந்த மொழியில் தனி உருவம் உண்டு. எதிர்காலம்தான், ஆனால் இன்னும் உறுதியில்லாதது. அதை வைத்து நாளுக்கு ஒரு வாக்கியம் செய்வாள். நான் திரும்பி வரும்போது அம்மாவுக்குக் கண்ணாடி வாங்கி வருவேன். நான் திரும்பி வரும்போது சின்னத்தம்பிக்குக் கல்யாணம் ஆகியிருக்கும். சின்னத்தம்பி அவள் தம்பி.

பரிட்சைக்கு எட்டு நாள் முன்பு ஃபாதருக்கு மொசாம்பிக்கிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அவர் தாம் படிக்கும் முன்பே அதை அமுதாவிடம் கொடுத்துச் சத்தமாகப் படித்து மொழிபெயர்க்கச் சொன்னார், பயிற்சிக்காக. அவள் திணறியபோது எட்டிப் பார்த்துத்தான் அவருக்கே தெரிந்தது, அது என்ன கடிதம் என்று. உள்நாட்டுச் சண்டை. சாலையில் போன பஸ்களை மறித்துக் கொளுத்தியிருக்கிறார்கள். அதில் மிஷன் நர்ஸ் ஒருத்தியும் இருந்தாள். "போதும்" என்று ஃபாதர் கடிதத்தை வாங்கி மடித்தார். ஆனால் சாந்தாமேரி அதற்குள் கடைசி வரி வரை கண்ணால் படித்துவிட்டாள். அமுதா இன்னும் இரண்டாவது வரியில் இருந்தாள்.

அன்றிலிருந்து சாந்தாமேரிக்குச் சோறு இறங்கவில்லை. போகமாட்டேன் என்று சொல்ல வெட்கம். முதலில் கை தூக்கியவள் அல்லவா? அறுபதுக்கு மேல் யார் அதிகம் வாங்குகிறார்களோ அவர்தான் போவார் என்பது மதரின் ஏற்பாடு. இருவரும் அறுபதைத் தொடாவிட்டால் வேறு ஊரிலிருந்து ஆள் அனுப்புவார்கள். அமுதா எங்கே அறுபது வாங்கப் போகிறாள் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள்.

பரிட்சையில் பத்து வாக்கியங்கள். பத்தையும் சரியாக எழுதி முடித்தாள். பிறகு ரப்பரை எடுத்தாள். 'நோயாளி பிழைக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறோம்' என்ற ஏழாவது வாக்கியம் முந்தின நாள் அவளே அமுதாவுக்கு நான்கு தடவை சொல்லிக்கொடுத்தது. அதிலும் தப்பு வடிவத்தை எழுதினாள். அப்படியே ஆறு இடங்களில்.

சாந்தாமேரிக்கு நாற்பத்தொன்று. அமுதாவுக்கு அறுபத்துநான்கு.

ஃபாதர் தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், இருமினார். அமுதாதான் ஓடிவந்து தாளை வாங்கி, ஏழாவது வாக்கியத்தில் விரலை வைத்து, "என்னாச்சுக்கா உங்களுக்கு?" என்றாள்.

"தலைவலி."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். அந்தக் கடிதத்தில் என்ன இருந்தது என்றாவது சொல்லியிருக்கலாம். பயணத்துக்கு முப்பது நாள் இருந்தது. முப்பது நாளும் அவள் வாய் திறக்கவில்லை.

*

ஒண்டிக்கடை நிறுத்தத்தில் கரடியூர் பஸ் ஏறினாள். "நர்சம்மா, ஆருக்கு ஒடம்பு சரியில்லீங்க?" என்று கண்டக்டர் கேட்டான். ஒன்றுமில்லை என்றாள். வழியெல்லாம் தோட்டங்களில் காப்பிப் பழம் பறித்துக்கொண்டிருந்தார்கள்.

அமுதாவின் அம்மா மாதம்மாள் களத்தில் காயும் காப்பிப் பழங்களைக் காலால் கிளறிவிட்டுக்கொண்டிருந்தாள். சாந்தாமேரியைக் கண்டதும் கால் ஒரு கணம் நின்றது.

"வாங்க. வழி தெரிஞ்சுதுங்களா? எம்புள்ள போயி வருசம் ஒண்ணுக்கு மேல ஆச்சு, ஒருக்காகூட எட்டிப் பாக்கலியே."

"வேலை நிறையங்கம்மா."

"இருக்குமுங்க, இருக்குமுங்க. பாட்டுப் பாடற வேலையா, ஊசி போடற வேலையாச்சே."

குத்தல்தான். வாங்கிக்கொண்டாள். காப்பி போடத் தம்ளர் கழுவப் போன மாதம்மாளின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அம்மா, அமுதா செத்துப்போயிட்டா."

மாதம்மாள் அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு சாந்தாமேரி சொன்ன ஒவ்வொன்றையும் கேட்டாள். ஜீப், சாலை, வெடி. முடிந்ததும் காப்பிப் பழங்களின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரவில்லை. கேள்விதான் வந்தது.

"மண்ணுல வெச்சாங்களா, எரிச்சாங்களா?"

"மண்ணுலதாங்கம்மா."

"ஆரு மண்ணள்ளிப் போட்டா?"

"தெரியலீங்கம்மா."

"தண்ணி ஊத்தறதுக்கு முன்னால தலைய அவுத்து உட்டாங்களா? அவளுக்கு நொம்ப முடியாச்சே. சிக்கு எடுக்காம ஊத்துனா கத்துவா."

சாந்தாமேரியும் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். பழங்களின் புளித்த வாடை மூக்கில் ஏறியது. தோட்டத்திலிருந்து சின்னத்தம்பி யாரையோ கூப்பிடும் குரல் கேட்டது. அவனுக்கும் சொல்ல வேண்டும்.

"அம்மா, நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். இப்ப சொல்லலேன்னா செத்தாலும் சொல்லமாட்டேன். அங்க போயிருக்க வேண்டியவ நான். அந்தப் பரிட்சையில..."

"தெரியுமுங்க."

"என்ன தெரியும்?"

"நீங்க தெரிஞ்சேதான் தப்பா எழுதுனீங்கன்னு."

மாதம்மாள் தன் முந்தானையில் ஒட்டியிருந்த பழத்தோலை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள். அப்போதுதான் அவள் குரல் உடைந்தது.

"'அந்தக்கா பயந்துட்டாங்கம்மா, பயந்தவங்கள அனுப்பக் கூடாது, நான் போறேன்'னு எங்கிட்டச் சொல்லிட்டுத்தானுங்க எம்புள்ள பஸ் ஏறுனா."