நவாப் கட்டாத வீடு

தௌசீஃப் நான்கு பக்கம் எழுதியிருந்தான். அதில் ஒரு நவாப் இருந்தார். அவர் அடையாற்றங்கரையில் கட்டிய தோட்ட வீடு இருந்தது. அதை அவர் ஒரு நம்பிக்கையான உறவினருக்கு அன்பளிப்பாகக் கொடுத்ததும், அந்த வம்சத்தார் இன்றுவரை விருந்தினரை உபசரித்து வருவதும் இருந்தன. யானை ஒன்றுதான் பாக்கி. ஜமீலுன்னிசா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மகன் எழுதியதை இரண்டு தடவை படித்தாள். இந்த வீட்டை ஹோட்டலாக்கிய அவளுடைய அப்பா பீர் முஹம்மதுவின் பெயர் மட்டும் எங்கும் இல்லை.

"எப்படி இருக்கு அம்மீ?" என்றான் தௌசீஃப்.

"நல்லாத்தான் எழுதியிருக்கே பேட்டா. எங்கப்பா, உன் நானா பேரு எங்க?"

"நானா வாட்ஸன் துரைகிட்ட மேனேஜர்தானே? மேனேஜர் பேரையெல்லாம் யார் படிப்பாங்க? நவாப்னு சொன்னாத்தான் வெள்ளைக்காரன் வருவான்."

ஜமீலுன்னிசா வாயை மூடிக்கொண்டாள். மூடிக்கொள்ள அவளுக்குக் காரணம் இருந்தது. மேனேஜர் என்று முதன்முதலில் சொன்னவளே அவள்தான்.

அது 1997-ஆம் வருஷம். அடையாறில் பழைய பங்களாக்கள் ஒவ்வொன்றாக இடிந்து, அந்த இடத்தில் ஃப்ளாட்டுகள் எழும்பிக்கொண்டிருந்தன. அவர்கள் வீடான ஹாத்தோர்ன் ஹவுஸுக்கு இடது பக்கம் ஒன்று, எதிரே இரண்டு. ஆட்டோக்காரர்கள் அந்தப் பெயரை 'ஆத்தோரம் ஹவுஸ்' என்று தங்கள் வாய்க்கு வசதியாக மாற்றி வைத்திருந்தார்கள். ஆறு பின்பக்கத்திலேயே ஓடியதால் யாரும் அவர்களைத் திருத்தவில்லை. ஒன்பது அறைகளில் நான்கு நிரம்பினால் அது நல்ல வாரம். பில்டர் ஒருவர் மாதம் தவறாமல் ஸ்வீட் பாக்ஸோடு வந்து நலம் விசாரித்துவிட்டுப் போனார். வெளிநாட்டுப் பயணிகளைக் கூட்டிவரும் ஒரு கம்பெனி தெற்கே உள்ள பழைய வீட்டு ஹோட்டல்களுக்குப் பட்டியல் போடுகிறது, அதில் இடம் கிடைத்துவிட்டால் அக்டோபரிலிருந்து மார்ச் வரை அறை காலியே இருக்காது என்று தௌசீஃப்புக்குத் தெரிந்ததும் பிறந்தவர்தான் இந்த நவாப். கம்பெனியிலிருந்து பார்வையிட வியாழக்கிழமை ஆள் வருவதாக ஏற்பாடு.

உண்மையில் நடந்தது இதுதான். வீட்டைக் கட்டியவன் ஒரு வெள்ளைக்காரன். கடைசியாக அதில் குடியிருந்தவர் வாட்ஸன் துரை. துரைக்கு பட்லர் பீர் முஹம்மது. பதினாலு வயதில் சமையல்கட்டில் தட்டுக் கழுவ வந்தவர், முப்பது வயதில் சாப்பாட்டு மேஜைக்கே ராஜா ஆனார். 1947-இல் துரை கப்பலேறியபோது வீட்டை வாங்க ஒருவரும் முன்வரவில்லை. ஒவ்வொரு மழைக்கும் ஆறு தோட்டத்துக்குள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் வீட்டை யார் வாங்குவார்கள்? "ஆள் கிடைக்கிறவரை நீயே பார்த்துக்கொள்" என்று குத்தகைக்கு விட்டுவிட்டுப் போனார் துரை. ஆள் கிடைக்கவேயில்லை. பீர் முஹம்மது அறைகளைக் கழுவி, திரைகளை வெளுத்து, ரயில்வே இன்ஜினீயர்களையும் வழக்குக்காக வந்த மிராசுதார்களையும் தங்க வைத்தார். மயிலாப்பூர்க் கல்யாணத்துக்கு வந்து தங்கியவர்களுக்காக வெங்காயம் போடாத சமையலுக்குத் தனி அடுப்பு வைத்தார். பன்னிரண்டு வருஷம் சேர்த்த பணத்தில் வீடு அவர் பெயருக்கே வந்துவிட்டது. நின்றுகொண்டே பரிமாறிய ஒரு மனிதர் அந்த வீட்டையே வாங்கினார். இதைவிட ஒரு நவாப் என்ன சாதித்துவிட முடியும்?

ஆனால் பள்ளிக்கூடத்தில் ஜமீலுன்னிசா இங்கிலீஷ் பாடம் வாசிக்க எழுந்தால் போதும், பின்பெஞ்சிலிருந்து "பட்லர் இங்கிலீஷ்!" என்று சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு அவளோடேயே வளர்ந்தது. பதினெட்டு வயதில் பாண்டி பஜார் துணிக்கடைக்காரர் வீட்டிலிருந்து மெஹபூப் அலிக்காகப் பெண் பார்க்க வந்தார்கள். "அப்பா துரைகிட்ட என்ன வேலை பார்த்தார்?" என்று ஒரு அம்மாள் கேட்டாள். "மேனேஜர்" என்று இவள் பட்டென்று சொல்லிவிட்டாள். பக்கத்து அறையில் அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே வந்து மறுக்கவில்லை. அன்றைக்கும் மறுநாளும், சாகும்வரையிலும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் அவள் எப்போதோ மறந்திருப்பாள். கணவர் மெஹபூப் அலி போய்ச் சேர்ந்து நான்கு வருஷமாகிறது. அவருக்கும் கடைசிவரை மாமனார் மேனேஜர்தான்.

வியாழக்கிழமை தோட்டக்காரர் வேலு ஓடி வந்தார். "அம்மா, காரு கேட்டாண்ட வந்து நிக்குது. ஒரே ஒரு அம்மாதான் கீறாங்க. தொர யாரும் இல்ல."

வந்தவள் பெயர் ஹம்சா. நாற்பத்தைந்து வயதிருக்கும். மயிலாப்பூரில் பிறந்து, ஹோட்டல் படிப்பு படித்து, இருபது வருஷமாக இதே தொழிலில் இருப்பவள். அறை அறையாகப் பார்த்தாள். குழாயைத் திறந்து பார்த்தாள், கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். தௌசீஃப் பின்னாலேயே நவாப் புகழ் பாடிக்கொண்டு போனான். ஹாலில் சாப்பாட்டுக்காகத் தரையில் தஸ்தர்கான் துணி விரித்து, சுற்றிலும் திண்டு போட்டு வைத்திருந்தான். வருகிறவர் சைவம் என்று முன்கூட்டியே தகவல் வந்துவிட்டதால் நவாபுக்குக் காய்கறி பிரியாணி.

ஹம்சா திண்டைப் பார்த்துவிட்டுச் சங்கடமாகச் சிரித்தாள். "எனக்கு முட்டி வலி. கீழ உக்காந்தா எழுந்துக்க ரெண்டு பேர் வேணும். மேஜை இருக்கா?"

மேஜை இருந்தது. வினையும் அங்கேதான் இருந்தது. புதிதாக வந்து தங்குகிறவருக்கு முதல் சாப்பாட்டைக் குடும்பத்தாரே நின்று பரிமாற வேண்டும் என்பது அந்த வீட்டில் பீர் முஹம்மது போட்ட வழக்கம். அவருக்குப் பிறகு அதைச் செய்து வந்தவள் ஜமீலுன்னிசா. ஹம்சா நாற்காலியில் உட்கார்ந்ததும் அவளுடைய கைகள் யாரையும் கேட்கவில்லை. மடித்த துவாலை இடது முன்கையில் ஏறியது. பிரியாணித் தட்டை ஏந்தி ஹம்சாவின் இடது பக்கம் வந்து நின்றாள். ஸ்பூனையும் ஃபோர்க்கையும் ஒரே கையில் இடுக்கி, ஒரு பருக்கை சிந்தாமல் வைத்தாள். இரண்டு அடி பின்வாங்கிச் சுவரோரம் நின்றாள். தட்டு காலியானதும் வலது பக்கமாக வந்து சத்தமில்லாமல் எடுத்தாள்.

ஹம்சா திரும்பி அவளையே பார்த்தாள். "ஒண்ணு கேக்கலாமா? இப்படிப் பரிமாறறது நவாப் வீட்டு வழக்கமா?"

"ஆமா மேடம்," என்று தௌசீஃப் முந்திக்கொண்டான். "பரம்பரையா வர்ற உபசாரம். மூணாவது பக்கத்துல எழுதியிருக்கேன்."

"படிச்சேன்," என்றாள் ஹம்சா. "நவாப் வீட்டுல ஒரே தாம்பாளத்தைச் சுத்தி எல்லாரும் உக்காந்துண்டு சாப்பிடுவா. இப்படி இடது பக்கம் வெச்சு, வலது பக்கம் எடுக்கறது துரை வீட்டு பட்லர் முறை. அதுவும் லேசுப்பட்ட பட்லர் இல்லே. எத்தனையோ பெரிய ஹோட்டல்ல ட்ரெய்னிங் குடுத்திருக்கேன். இந்தக் கை ஒருத்தருக்கும் வரலே. உங்களுக்கு யார் சொல்லிக் குடுத்தா?"

தௌசீஃப்பின் முகத்தில் ஈயாடவில்லை. ஹம்சாவுக்கே பாவமாகிவிட்டது.

"பயப்படாதீங்கோ. நான் யார்கிட்டயும் சொல்லப்போறதில்லே. நவாப் கதை நன்னா விக்கும். மேல இருக்கறவாளுக்கும் அதான் பிடிக்கும். அப்படியே இருக்கட்டும். எனக்குத் தெரிஞ்சுக்கணும்னு தோணித்து, அவ்வளவுதான்."

ஜமீலுன்னிசா இனி ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை. முப்பத்தைந்து வருஷம் சும்மா இருந்தது போல இன்னும் ஐந்து நிமிஷம் சும்மா இருந்தால் பட்டியலில் இடம் உறுதி, பில்டரின் ஸ்வீட் பாக்ஸுக்கும் கும்பிடு. ஆனால் அவளால் சும்மா இருக்க முடியவில்லை. ஊரெல்லாம் சிரித்த அந்தப் பட்லர் வேலையை, தொழில் தெரிந்த ஒருத்தி இந்த வீட்டு மேஜையிலேயே உட்கார்ந்து இவ்வளவு உயர்த்திச் சொல்லிவிட்டாள். இதைக் கேட்க அப்பா இல்லையே என்று இருந்தது.

"எங்கப்பா சொல்லிக் குடுத்தாரு," என்றாள். "பீர் முஹம்மது. இந்த வீட்டு பட்லர்."

"அம்மீ!"

"மேனேஜர்னு நான்தான் சொன்னேன் பேட்டா. என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்ப வெக்கப்பட்டுக்கினு சொன்னேன். பக்கத்து ரூம்ல அவரு கேட்டுக்கினே இருந்தாரு. அவங்கல்லாம் போனதும் எனக்குச் சாப்பாடு எடுத்துகினு வந்து வெச்சாரு. ஒண்ணும் நடக்காத மாதிரி, நீ சாப்பிடும்மான்னாரு." அவள் தலையைக் குனியவில்லை. "நவாப் இந்தத் தெருப் பக்கம்கூட வந்ததில்ல மேடம். துரை விட்டுட்டுப் போன வீட்டை இத்தனை ஜனம் வந்து தங்குற இடமா ஆக்கினது எங்கப்பா. அவர் பேரைப் போடுங்க. இல்லன்னா எங்க வீட்டைப் போடவே வேணாம்."

ஹம்சா தலையசைத்தாள். "நான் எழுதி அனுப்பறேன். ஆனா இடம் கிடைக்கும்னு சத்தியம் பண்ண முடியாதும்மா. காலி ரூமை வெச்சுண்டு கஷ்டப்படறேள்னும் தெரியறது."

"பரவாயில்ல. அவரும் காலி ரூமை வெச்சுக்கினுதான் ஆரம்பிச்சாரு."

ஹம்சா பையிலிருந்து புதிதாக ஒரு ஃபாரத்தை எடுத்துத் தௌசீஃப்பின் முன்னால் வைத்தாள். ஹோட்டலைத் தொடங்கியவர் பெயர் என்று அதில் ஒரு கட்டம் இருந்தது. அவன் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் அம்மாவைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தான். கோபமாகத்தான் இருப்பான் என்று அவள் நினைத்தாள். கடைசியில் அவன் நிமிர்ந்தான்.

"அம்மீ, நானா பேருக்கு முன்னாடி மரியாதையா என்ன போடட்டும்? ஜனாப்னு போடவா?"

"ஜனாப்னு எல்லாரையும்தான் சொல்றாங்க. பட்லர்னு போடு. அவரு சம்பாதிச்ச பட்டம் அது."

தௌசீஃப் பெரிய பெரிய எழுத்தாக எழுதினான். கட்டம் போதவில்லை, எழுத்து பக்கத்துக் கட்டத்துக்குள்ளும் போயிற்று.